64 கிராமுக்குள் ஒரு கேள்வி

புதுக்கோட்டைப் பெண்கள் அறிவொளி இயக்கத்தில் சேர்ந்து சைக்கிள் பழகிய தொண்ணூறுகளில், பள்ளிப் பிள்ளைகளின் ஆய்வு பெரும்பாலும் ஊர் எல்லையைத் தாண்டாது. 1993-ல் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்குப் பிள்ளைகளைத் திரட்டியது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். கண்மாய்த் தண்ணீர், வீட்டுச் சமையல், வயல் என்று கைக்கெட்டியதை அளந்து, சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். ராக்கெட்டா? தும்பாவிலிருந்து பறந்த முதல் ராக்கெட், 1963 நவம்பர் 21, நைக்கி-அப்பாச்சி: வினாடி வினாவில் ஒரு மார்க்.

இன்று கரூர் மாவட்டத்துப் பையன் ஒருவனின் பெட்டியே ராக்கெட்டில் போய் வந்துவிட்டது. 'கியூப்ஸ் இன் ஸ்பேஸ்' போட்டி 11 முதல் 18 வயதுக்காரர்களுக்கானது. நாலு சென்டிமீட்டர் கனசதுரம், 64 கிராம். அதற்குள் ஒரு சோதனையை வைக்கலாம். அதில் தேர்வான கலாம்சாட், 2017 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து பறந்தது. செய்த குழுவில் முன்னால் நின்றவர் கரூர் பள்ளப்பட்டிக்காரர். 2021 பிப்ரவரி 7-ல் ராமேஸ்வரத்திலிருந்து மாணவர்கள் செய்த 100 குட்டிக் கருவிகள் பலூனில் ஏறின.

கலாம்சாட் பூமியைச் சுற்றவில்லை. மேலே போய், சற்று நேரத்தில் இறங்கிவிட்டது. அதில் குறை ஒன்றும் இல்லை. சோதனைக்குப் போனது கைக்குத் திரும்புவதுதானே லாபம்?

நம் புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நூறு உளுந்து சுமார் ஐந்து கிராம்தான். மேலே போகும் பெட்டியில் நூறு, அதேபோன்ற இன்னொரு பெட்டியில் நூறை வைத்துப் பள்ளி அலமாரியில் விடலாம். பலூனில் போனால், 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குதான். குளிரோ உறைநிலைக்கு நாற்பது டிகிரிக்கும் கீழே. திரும்பியதும் இரண்டையும் ஈரத்துணியில் முளைகட்டி எண்ண வேண்டும். மேலே போனது முளைக்காவிட்டால் காரணம் குளிரா, காற்றின்மையா, கதிர்வீச்சா? குளிரை மட்டுமாவது பிரித்தறிய மூன்றாவது நூறை ஃப்ரீஸரில் வைத்திருக்க வேண்டும்.

உரமிட்ட பாத்தி, இடாத பாத்தி என்று ஒப்பிட்டுப் பார்த்த பழைய மாநாட்டுப் பிள்ளைகளுக்கு இது அத்துப்படி. இப்போதோ கடையில் வாங்கிய சென்சாரை ஒட்டி, 'வெப்பநிலை அளந்தோம்' என்று முடித்துவிடுகிற ஆசையும் கூடவே வருகிறது. ஏவும் நாளில் போட்டோ எடுக்க வருகிறவர்களும் அதற்கு மேல் கேட்பதில்லை. முளைப்புத்திறனை முறையாகப் பார்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள அமெரிக்கா வேண்டாம். புதுக்கோட்டையிலிருந்து வம்பன் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான்.