சிறப்பு குழந்தை உள்ள வீட்டுக்கு நண்பராக வாரம் 2 மணி நேரம்: யார் போகலாம்? என்ன செய்யலாம்?

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தை இருக்கிற வீட்டுக்கும் கல்யாண பத்திரிகை வரும். ஆனால் கொடுக்க வருபவரே, "நீங்க மட்டும் வந்துட்டு போங்க, புள்ளைய எதுக்கு அலைக்கழிச்சுக்கிட்டு" என்று சொல்லிவிட்டுப் போவார். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் புள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? அதனால் தாய் போக மாட்டார். நாளடைவில் பத்திரிகையும் வராது.

இப்படித்தான் பல வீடுகளின் கதவு மெல்ல மெல்ல சாத்திக்கொள்கிறது. குழந்தையை கவனிப்பதிலேயே நாள் ஓடுவதால் தாய் தன் பல் வலிக்குக்கூட டாக்டரிடம் போவது இல்லை. கூடப் பிறந்த பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

குழந்தையின் நிலையை நினைத்து மனம் உடைந்த பெற்றோர் விபரீத முடிவு எடுத்த செய்திகளை நாம் அவ்வப்போது படிக்கிறோம். "பாவம்" என்று சொல்லி அடுத்த செய்திக்கு போய்விடுகிறோம். அந்த வீட்டுக்கு வாரம் ஒரு தடவை போய் வர ஒரு ஆள் இருந்திருந்தால்?

அந்த ஒரு ஆளாக இருப்பதுதான் குடும்ப நண்பர் தொண்டு.

புதிய விஷயம் அல்ல

அமெரிக்காவின் ஒமாகா நகரில் 1971-ம் ஆண்டிலேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஏற்கனவே சிறப்பு குழந்தையை வளர்த்து அனுபவப்பட்ட பெற்றோர், புதிதாக இந்த நிலைக்கு வந்த பெற்றோருக்கு துணையாக நின்றார்கள். 'பைலட் பேரன்ட்ஸ்' என்ற பெயரில் தொடங்கிய அந்த முறை பிறகு பல ஊர்களுக்கும் பரவியது.

நம் ஊரிலும் இதற்கான இடங்கள் உண்டு. சென்னை கோட்டூர்புரத்தில் 1985-ல் தொடங்கப்பட்ட வித்யாசாகர், தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம் போன்ற அமைப்புகள் குழந்தையோடு சேர்த்து குடும்பத்தையும் பார்க்கின்றன. உங்கள் ஊரில் உள்ள சிறப்பு பள்ளியிலோ, வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பு ஆசிரியரிடமோ கேட்டாலும், துணை தேவைப்படும் வீடுகளை அவர்கள் அறிந்திருப்பார்கள். இப்படி ஒரு அமைப்பின் மூலம் போவதுதான் இரு தரப்புக்கும் நல்லது.

என்ன வேலை?

இதற்கு டாக்டர் படிப்போ, தெரபி பயிற்சியோ தேவை இல்லை. பணமும் வேண்டாம். பிறந்த நாள் கேக் வெட்டி போட்டோ எடுத்துவிட்டு போகும் தொண்டும் இது அல்ல.

வாரத்தில் ஒரு நாள், சொன்ன நேரத்துக்கு போக வேண்டும். தாயோடு ஒரு டம்ளர் காபி குடித்து பேச வேண்டும். குழந்தையோடு விளையாட வேண்டும். பழகிய பிறகு, "அக்கா, நீங்க கடைக்கு போயிட்டு வாங்க, நாங்க இருக்கோம்" என்று சொல்லும் அளவுக்கு நம்பிக்கை வரும். அந்த 2 மணி நேரம் அவருக்கு பெரிய விஷயம்.

குழந்தையை பற்றி முதலில் தாயிடமே கேளுங்கள். எது பிடிக்கும், எந்த சத்தம் பிடிக்காது, பசித்தால் எப்படி காட்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆட்டிசம் உள்ள குழந்தை உங்கள் முகத்தை பார்க்கவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தாடையை பிடித்து திருப்பவும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து அது செய்வதையே நீங்களும் செய்யுங்கள். ஒருநாள் தானாக உங்கள் கையை பிடிக்கும்.

கூடப் பிறந்த பிள்ளையை மறந்துவிடாதீர்கள். அண்ணனுக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து பழகிய தங்கையை பார்க்குக்கு கூட்டிப்போனால் அதுவும் தொண்டுதான்.

உடல் நலத்தில் கவனம்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பலருக்கு விழுங்குவது கஷ்டம். தாய் சொல்லித் தராமல் பிஸ்கட் கூட ஊட்ட வேண்டாம். புரை ஏறிவிடும்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தோ, இரும்போ கொடுக்காதீர்கள். அதனால் எந்த பயனும் இல்லை. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஒருக்களித்து படுக்க வைத்து, இடிக்கும் பொருட்களை நகர்த்திவிட்டு, நேரத்தை பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.

எதை பேசக் கூடாது?

"எப்ப சரியாகும்?", "சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?", "போன ஜென்மத்து பாவம்" - இந்த பேச்சுகளை அந்த தாய் போதும் போதும் என்கிற அளவுக்கு கேட்டிருப்பார். "எங்க ஊர்ல ஒரு வைத்தியர் இருக்காரு, மூணே மாசத்துல குணம்" என்றும் சொல்லாதீர்கள். ஆட்டிசம் மருந்து கொடுத்து போக்கும் நோய் அல்ல. சிறு வயதிலேயே தொடங்கும் பயிற்சி குழந்தைக்கு பெரிய அளவில் கைகொடுக்கும். நகையை விற்று ஊர் ஊராக அலைந்த குடும்பங்கள் ஏராளம். இன்னொரு அலைச்சலுக்கு நீங்கள் காரணம் ஆக வேண்டாம்.

சலுகைகளை வாங்கித் தரலாம்

நண்பரின் கையில் இருக்கும் பெரிய உதவி இதுதான். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் படிவத்தை நிரப்பி, வரிசையில் நிற்க அந்த தாய்க்கு நேரம் எங்கே?

* அரசு ஆஸ்பத்திரியில் சான்று பெற்று யூ.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டை வாங்க வேண்டும். மற்ற சலுகைகளுக்கு இதுதான் சாவி.

* தமிழக அரசு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் ரூ.2 ஆயிரம் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

* தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை மருத்துவ செலவுக்கும், தெரபிக்கும் வழி உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை குறைபாடு உள்ளவர்கள் சேரலாம்.

* பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டால், கலெக்டர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் சட்டப்பூர்வ பாதுகாவலர் நியமனம் கேட்டு விண்ணப்பிக்கலாம். "எங்களுக்கு அப்புறம் இவனுக்கு யாரு?" என்று பெற்றோர் ராத்திரி தூங்காமல் யோசிக்கும் கேள்விக்கு இது ஒரு சிறு பதில்.

பாதுகாப்பு முக்கியம்

அமைப்பு உங்கள் ஆதாரையும், போலீஸ் சரிபார்ப்பு சான்றையும் கேட்டால் கோபப்படாதீர்கள். பேச முடியாத குழந்தை தனக்கு நடந்ததை வெளியே சொல்ல முடியாது. அதனால் கேட்கத்தான் வேண்டும். முதல் சில மாதங்கள் வீட்டார் இருக்கும்போது மட்டும் போங்கள். கதவை மூடிக்கொண்டு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. குழந்தையின் படத்தை வாட்ஸ்-அப் ஸ்டேட்டசில் போடவே கூடாது. குழந்தைக்கு யாராவது தீங்கு செய்வதாக தெரிந்தால் 1098-க்கு சொல்லுங்கள்.

"நானும் புள்ளையும் போய் சேர்ந்துட்டா நல்லா இருக்கும்" என்று தாயோ, தந்தையோ சொன்னால் அதை வெறும் புலம்பலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவுரை சொல்லாமல் முழுதாக கேளுங்கள். தனியாக விட்டுவிட்டு வர வேண்டாம். உறவினரையும், உங்களை அனுப்பிய அமைப்பையும் உடனே கூப்பிடுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி-மனஸ் மனநல ஆலோசனை 24 மணி நேரமும் இலவசமாக கிடைக்கும். தமிழிலேயே பேசலாம்.

சேரும் முன் யோசியுங்கள்

இதில் சேருவது சுலபம், பாதியில் விடுவதுதான் ஆபத்து. சனிக்கிழமை 4 மணி என்றால் அந்த குழந்தை மூன்றரைக்கே வாசலை பார்க்கும். நீங்கள் ஏன் வரவில்லை என்பதை அதற்கு விளக்கிச் சொல்ல முடியாது. அன்று ராத்திரி முழுவதும் அழுகையை சமாளிப்பது அந்த தாய்தான்.

அதனால் குறைந்தது 6 மாதம் வர முடியும் என்றால் மட்டும் பெயர் கொடுங்கள். ஒரு வாரம் வர முடியாவிட்டால் முன்கூட்டியே போனில் சொல்லுங்கள். வேலை மாறி வெளியூர் போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லி, அடுத்து வருபவரை கூட்டிப்போய் அறிமுகப்படுத்திவிட்டு கிளம்புங்கள்.

வாரம் 2 மணி நேரம் முடியாது என்பவர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை பத்திரிகை கொடுக்கப் போகும்போது, "புள்ளையையும் கூட்டிட்டு வாங்கக்கா, பார்த்துக்க நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மண்டபத்தில் பார்த்தும் கொள்ளுங்கள்.