15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி சென்னைப் பக்கம் கல் உடைச்சது யார்?

பல்லாவரம்னு சொன்னதும் என்ன ஞாபகம் வரும்? வெள்ளிக்கிழமை சந்தை, டிராஃபிக், தலைக்கு மேலே பறக்கிற விமானம். ஆனா, உலகத் தொல்லியல் வரலாற்றில் பல்லாவரத்துக்கு வேறொரு இடம் உண்டு. இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி கிடைத்தது அங்கேதான்.

1863 மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளை தோண்டிய ஒரு குழியில் அந்தக் கல்லைப் பார்த்தார். அது தானாக உடைந்த கல் இல்லை, மனிதக் கை செதுக்கியது என்று அவருக்குப் புரிந்தது. பிரான்ஸில் கிடைத்த இதேபோன்ற கற்களை மனிதர்கள் செய்தவை என்று அறிஞர்கள் ஏற்றுக்கொண்டது 1859-ல்தான். அடுத்த நாலே வருஷத்தில் இங்கே இந்தக் கல்!

அதே ஆண்டு செப்டம்பரில், சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் சென்ற ஃபூட், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இன்னொரு இடத்தைக் கண்டார். சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. தூரத்தில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் அத்திரம்பாக்கம்.

கல் கிடைச்சுது. வயசு எப்படித் தெரிஞ்சுது?

ஃபூட் காலத்தில் அதற்கு வழியே இல்லை. 1999-ல் தொல்லியலாளர் சாந்தி பப்பு தலைமையிலான குழு அத்திரம்பாக்கத்தில் மறுபடி அகழாய்வைத் தொடங்கியது. மண்ணை அடுக்கடுக்காக, மீட்டர் கணக்கில் ஆழமாகத் தோண்டினார்கள். அடியில் இருந்த களிமண் அடுக்குகளில் 3,500-க்கும் மேற்பட்ட கருவிகள் கிடைத்தன.

இனிதான் அறிவியல். கல் தரையில் வெயில் படக் கிடக்கும்போது, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அதில் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அணுக்களை உண்டாக்கும். கல் ஆழத்தில் புதைந்துவிட்டால் புதிதாக உருவாவது ஏறக்குறைய நின்றுவிடும். ஏற்கெனவே இருப்பது மெல்லச் சிதையும். அலுமினியம்-26 பாதியாகக் குறைய சுமார் 7 லட்சம் ஆண்டுகள். பெரிலியம்-10 பாதியாக அதைப்போல இரண்டு மடங்கு காலம் ஆகும். இரண்டும் இப்போது எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், கல் எப்போது புதைந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான விடை: சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள். கைக்கோடரிகளில் மிகப் பழையவற்றில் சில கென்யாவில் கிடைத்தவை. அவற்றின் வயது சுமார் 17.6 லட்சம் ஆண்டுகள். அதாவது, ஆப்பிரிக்காவில் தோன்றிய அந்த நுட்பம் ரொம்பச் சீக்கிரமே இங்கேயும் இருந்திருக்கிறது.

அப்புறம் என்ன மாறுச்சு?

கைக்கோடரி செய்வது சிலை செதுக்குவது மாதிரி. வேண்டாததைத் தட்டி எடுத்தால், கையில் மிஞ்சும் கல்தான் கருவி. பல லட்சம் ஆண்டுகள் இதுதான் நடந்தது.

பிறகு, யோசனையே தலைகீழாக மாறியது. இளநீர்க்காரரை ஒரு நிமிஷம் கவனிச்சுப் பாருங்க. சுற்றிலும் நாலைந்து வெட்டு. கடைசியாக மேலே ஒரே சீவு. முதலில் போட்ட வெட்டெல்லாம் அந்தக் கடைசி வெட்டுக்கான தயாரிப்பு. லெவலுவா என்று அழைக்கப்படும் நுட்பமும் அப்படித்தான். கல்லின் விளிம்புகளை முன்கூட்டியே சீர்செய்து, கடைசியில் ஒரே அடி. தெறித்து விழும் மெல்லிய செதில்தான் கருவி. எந்த அளவில், எந்த வடிவில் வேண்டும் என்பதை அடிப்பதற்கு முன்பே மனதுக்குள் பார்த்திருந்தால்தான் இது முடியும்.

இந்தியாவுக்கு இந்த நுட்பம் சுமார் 1.25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்போ அதற்குப் பிறகோ, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நவீன மனிதர்களோடு வந்தது என்பது பலரும் சொல்லிவந்த கதை. 2018-ல் ‘நேச்சர்’ இதழில் குமார் அகிலேஷ், சாந்தி பப்பு குழுவினர் வெளியிட்ட கட்டுரை அந்தக் கதையை ஆட்டிவைத்தது. அத்திரம்பாக்கத்தின் மேல் அடுக்குகளில் கிடைத்த 7,200-க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தபோது, இந்த மாற்றம் சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே தொடங்கிவிட்டது தெரிந்தது. இந்த முறை வயதைச் சொன்னது மணல் துகள்கள். கடைசியாகச் சூரிய ஒளி பட்டு எவ்வளவு காலம் ஆனது என்பதை அவற்றிலிருந்து அளக்க முடியும்.

இதுவரை கிடைத்த நவீன மனித எலும்புகளில் மிகப் பழையவை, மொராக்கோவில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். அப்படியென்றால் அத்திரம்பாக்கத்தில் அந்தக் கடைசி அடியை அடித்தது நம்ம இனமா, வேறொரு மனித இனமா? கருவிகள் கிடைத்த இடத்தில் ஒரு மனித எலும்புகூடக் கிடைக்கவில்லை. ஆள் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நமக்கு இதுல என்ன வேலை?

இருக்கு. மேலே சொன்ன இரண்டு சோதனைகளும் ஒரே ஒரு விஷயத்தை நம்பித்தான் இருக்கின்றன: கல் அதன் மண் அடுக்கிலேயே இருக்க வேண்டும். சரளைக்காகவோ கட்டடத்துக்காகவோ அந்த அடுக்கைக் கலைத்துவிட்டால், கல் மிஞ்சும்; அதன் வயது போய்விடும். ஃபூட் சேகரித்த கருவிகளை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆனால், 15 லட்சம் என்ற எண்ணைத் தந்தது கலையாமல் கிடந்த அத்திரம்பாக்கத்து மண்தான்.

அந்தப் பக்கம் டிரெக்கிங் போகும்போது, செதுக்கின மாதிரி ஒரு கல் கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, போட்டோ எடுத்து, லொக்கேஷனைக் குறித்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். வீட்டு ஷோகேஸில் அது வெறும் கல். கிடந்த இடத்தில் அது ஒரு சாட்சி.