சுண்ணாம்பு திருப்பித் தரும் கடன்

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகச் சுட்ட சுண்ணாம்பைப் பானையிலிட்டு நீர் ஊற்றினால், அடுப்பில்லாமலே அது கொதிப்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். சூளையில் குடித்த நெருப்பைச் சுண்ணாம்பு கக்குகிறது என்பாள் பாட்டி. பள்ளியில் படித்த பேரனோ, அணுக்களின் பிணைப்பு அறுந்ததால் சக்தி வெளிவந்தது என்பான். இவ்விருவரில் பாட்டியின் கட்சியே நம் கட்சி!

பிணைப்பை அறுக்கச் சக்தி செலவாகும். பிணைப்பு உண்டாகும்போதுதான் சக்தி வெளிப்படும். எந்த ரஸாயன மாறுதலிலும் இவ்விரண்டும் உண்டு. செலவு மிஞ்சினால் நாம் உஷ்ணம் ஊட்ட வேண்டும். வரவு மிஞ்சினால் அது நம் கையைச் சுடும்.

செலவுக் கணக்கைப் பெரிய அளவில் காண அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூருக்குச் செல்ல வேண்டும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பிரதேசம் கடலடியில் இருந்தது. அங்கே படிந்த சுண்ணாம்புப் பாறையை நம்பியே, இன்று ராம்கோ என வழங்கும் கம்பெனியார் 1997-இல் ஸிமெண்டு ஆலை தொடங்கினர். ஏறக்குறைய 900 டிகிரி உஷ்ணத்தில் அந்தக் கல் கரியமில வாயுவைக் கைவிடுகிறது. தூய கல் 100 கிராமைப் பிரிப்பதற்கு மட்டும் 178 கிலோஜூல் சக்தி வேண்டும். அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க அது தாராளமாகப் போதும். 44 கிராம் வாயுவாகப் போக, மிஞ்சுவது 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு.

அதில் நீர் பட்டதும் புதிய பிணைப்புகள் உண்டாகி 65 கிலோஜூல் திரும்பி வருகிறது. (குழந்தைகளை அப்பானைக்கருகில் விடலாகாது. கண்ணில் தெறித்தால், தாமதியாமல் நிறைய நீர் விட்டுக் கழுவிக்கொண்டே வைத்தியரிடம் விரைய வேண்டும்.) சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெள்ள மெள்ள ஏற்று அது மீண்டும் கல்லாகும்போது, மீதி 113 கிலோஜூலும் யாரும் அறியாமல் வந்துசேர்கிறது. கூட்டிப் பாருங்கள், கடன் தீர்ந்தது! எவ்வழியே சென்றாலும் மொத்தக் கணக்கு மாறாது என்பதை ருஷியாவில் வாழ்ந்த ஹெஸ் என்னும் விஞ்ஞானி 1840-இல் நிறுவினார்.

ஸிமெண்டின் கதை வேறு. சூளையில் 1,450 டிகிரி வரை சூடேறிச் சுண்ணாம்பு களிமண்ணுடன் சேர்ந்துவிடுகிறது. நீர் கலந்தால் இதுவும் உஷ்ணம் தரும். பெரிய அணைகளில் கான்கிரீட் வெடிக்காதிருக்க அதைக் குளிர்விப்பதும் உண்டு. ஆனால் இழந்த வாயுவில் ஒரு பகுதியையே, அதுவும் நெடுங்காலத்தில், திரும்ப ஏற்கிறது. நிலக்கரியை விட்டு மின்சாரத்தால் சூளையை எரித்தாலும் அந்த 44 கிராம் குறையாது. ஆதலால்தான் அனல் நிலையச் சாம்பலையும் உருக்காலைக் கசடையும் கலந்து, சுடவேண்டிய கல்லின் அளவையே குறைத்து வருகிறார்கள்.