வீடும் சட்டமும் – 9: குடியிருப்பவரோடு கைமாறும் வீடு

வாடகைக்கு ஒருவர் ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டை விலைக்கு வாங்குபவரும், அத்தகைய வீட்டை வாரிசாகப் பெறுபவரும், கட்டடத்தோடு சேர்த்து, முந்தைய உரிமையாளர் ஏற்படுத்திவைத்த வாடகை உறவையும் அதன் எல்லாக் குறைகளோடும் பெற்றுக்கொள்கின்றனர். சென்ற இதழில் விளக்கப்பட்ட வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும்; வாய்மொழியாகப் பேசி முடித்த வாடகையையோ, பதிவு செய்யாத பதினொரு மாத ஒப்பந்தத்தையோ அது காட்டுவதில்லை. வாடகை தர மறுக்கும், வெளியேற மறுக்கும் குடியிருப்பவரைப் பற்றிய வழக்குகளில் புதிய உரிமையாளர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 109ஆம் பிரிவில், வாடகைக்கு விடப்பட்ட சொத்து கைமாறும்போது பழைய உரிமையாளருக்கு இருந்த உரிமைகள் புதியவரைச் சேரும் என்று கூறுகிறது. இதற்குக் குடியிருப்பவரின் சம்மதம் தேவையில்லை. ஆனால் அதே பிரிவு குடியிருப்பவருக்கும் பாதுகாப்பு தருகிறது. சொத்து கைமாறியதை அறிய வழியில்லாமல் அவர் பழைய உரிமையாளரிடமே வாடகையைக் கொடுத்திருந்தால், அதை மறுபடியும் புதியவருக்குத் தர வேண்டியதில்லை. கைமாறுவதற்கு முன்பிருந்த பாக்கியும், தனியே எழுதி ஒப்படைக்கப்படாதவரை, புதியவருக்கு உரியதன்று. ஆகவே வீட்டை விற்றவரின் கையொப்பத்தோடு, இனி வாடகை யாருக்குச் சேர வேண்டும் என்பதைத் தெரிவிக்கும் கடிதமொன்றைப் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புவதே புதிய உரிமையாளரின் முதல் வேலையாகும்.

இக்கடிதத்தின் பயன் வாடகை வசூலோடு முடிவதில்லை. ஒருவரிடம் வாடகைக்கு வந்தவர், வாடகை தொடங்கிய காலத்தில் அவருக்கு அச்சொத்தில் உரிமையே இல்லை என்று பின்னர் வாதிட முடியாது என்பது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 116ஆம் பிரிவில் இடம்பெற்று, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடரும் விதியாகும். எனினும் அந்தத் தடை, தம்மைக் குடியமர்த்தியவரின் உரிமையைப் பற்றியது மட்டுமே. அவரிடமிருந்து அவ்வுரிமை இன்னாருக்கு வந்து சேர்ந்ததா என்ற கேள்வியைக் குடியிருப்பவர் எழுப்பலாம். புதியவரை உரிமையாளராக ஏற்று அவர் ஒரு மாத வாடகையைச் செலுத்திவிட்டால், அல்லது ஏற்பதாக எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த வாதம் பெரிதும் வலுவிழந்துவிடும். வழக்கறிஞர்கள் இதை அட்டார்ன்மென்ட் என்பர். முதல் மாத வாடகையை ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கின் வழியாகப் பெறுவது, எந்தச் சொற்போரையும்விட வலிமையான சான்றாக நிற்கும்.

பணத்தைப் பொறுத்த இன்னொரு சிக்கல் முன்பணம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. விற்றவர் அத்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு விலகிவிட்டால், காலி செய்யும் நாளில் குடியிருப்பவர் அதைக் கேட்கப்போவது புதிய உரிமையாளரிடமே. வாடகைக்குப் பதிலாகப் பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துக் குடியிருக்கும் போக்கிய ஏற்பாட்டில் இந்தச் சுமை பன்மடங்காகும்; தொகை திரும்பாமல் வெளியேற மாட்டேன் என்பவரைத் தொல்லை தருபவர் என்று அழைப்பதும் நியாயமாகாது. விலை பேசும்போதே அத்தொகையைக் கழித்துக்கொண்டு, அதை விற்பனைப் பத்திரத்தில் குறிப்பிடுவதே தக்க வழியாகும்.

தமிழ்நாட்டில் வாடகைச் சட்டங்கள் குடியிருப்பவரின் பக்கமே சாய்ந்தவை என்ற எண்ணம் முதியோரிடையே இன்றும் உண்டு. 1946, 1949 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் அவற்றின் வழிவந்த 1960ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குக் காரணமாயின. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒருவரை வெளியேற்ற வாடகை பாக்கி மட்டும் போதாது என்றிருந்தது. அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட பாக்கியாக இருக்க வேண்டியிருந்தது. அச்சொல்லின் பொருள் குறித்து வழக்காடிக் காலம் கழிந்ததன் விளைவாகவே, 1985இல் சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விரிவாக ஆராய நேர்ந்தது.

அச்சட்டத்தை நீக்கி வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் இச்சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அது பதிவாக வேண்டும் என்றும் விதிக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குச் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு கட்டாயம் என்பதால் தோன்றிய பதினொரு மாதப் பழக்கம், இந்தத் தனிப் பதிவிலிருந்து விலக்குப் பெற்றுத் தருவதில்லை. வெளியேற்றக் கோரும் மனுக்களை விசாரிக்கும் வாடகை நீதிமன்றம் வாடகை உறவைப் பற்றி மட்டுமே முடிவு செய்யும்; சொத்தின் உரிமை யாருடையது என்ற கேள்விக்குள் அது புகாது. முன்னர்ச் சொன்ன கடிதத்தின் அருமை இங்கே புலப்படும்.

இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்து, முறைப்படி அறிவிப்பு அனுப்பியும் அது தீர்க்கப்படாதபோது வெளியேற்றம் கோரலாம். அறிவிப்புக்குப் பின் தவணைக்குள் வட்டியோடு செலுத்துபவருக்குச் சட்டம் சலுகை தருகிறது. ஆனால் ஒருமுறை அதைப் பெற்றவர், பின்னர் ஓராண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் அச்சலுகை மீண்டும் கிடைக்காது. எழுத்துமூல அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுவதும், வீட்டைத் தகாத வகையில் பயன்படுத்துவதும் பிற காரணங்களுள் அடங்கும்.

பொறுமையிழந்த உரிமையாளர் முதலில் நாடுவது பெரும்பாலும் பீஸ் கட்டையைப் பிடுங்குவது, மோட்டாரை நிறுத்துவது, வெளியே சென்ற நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவது ஆகியவற்றையே. மின்சாரம், குடிநீர் முதலிய இன்றியமையாத வசதிகளைத் துண்டிப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பூட்டை மாற்றுவதோ இன்னும் ஆபத்தானது. சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர், உரிமை யாருடையதாயினும், ஆறு மாதத்திற்குள் வழக்கிட்டு அனுபோகத்தை மீட்கலாம் என்று 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம், 6ஆம் பிரிவில் கூறுகிறது. வாடகை தராதவர் நீதிமன்ற ஆணையோடு வீட்டுக்குள் திரும்பி வர, உரிமையாளரே வழிசெய்து கொடுத்ததாக முடியும்.

வாடகையை வாங்க மறுப்பதும் இதை ஒத்த பிழையே. மறுக்கப்பட்ட வாடகையைக் குடியிருப்பவர் அஞ்சல் பணவிடையாக அனுப்பி, அதுவும் திரும்பினால் வாடகை அதிகாரியிடம் கட்டிவிடலாம். அப்போது பாக்கி என்ற குற்றச்சாட்டே நிற்காது. குடியிருப்பு முடிவுற்றதாக அறிவித்த பின் வாடகையை வாங்கினால் அது புதுப்பித்ததாகிவிடுமோ என்ற அச்சத்திற்குச் சட்ட அடிப்படை உண்டு என்றாலும், வழக்குரிமைக்குப் பாதகமின்றிப் பெறுவதாக எழுதிக் கொடுத்து வாங்கும் வழி இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடும் என்ற பேச்சுக்கோ அத்தகைய அடிப்படை இல்லை. வாடகைதாரரின் இருப்பு உரிமையாளரின் அனுமதியால் வந்தது. எதிரிடை அனுபோகம் எனப்படும், உரிமையாளருக்கு எதிராகச் சொந்தம் கொண்டாடும் இருப்பு அதன்று.

வெளியேற்ற ஆணை கிடைத்த பின்னும் குடியிருப்பவர் நகராவிட்டால், உரிமையாளர் செல்ல வேண்டிய இடம் காவல் நிலையமன்று. ஆணையை நிறைவேற்றித் தரக் கோரும் மனுவோடு அதே நீதிமன்றத்திற்கே திரும்ப வேண்டும். அமீனா வந்து வீட்டை ஒப்படைக்கும் வரையிலான அந்த நடைமுறை அடுத்த இதழில் விளக்கப்படும்.