உடம்பில் பாயும் அலை எங்கிருந்து வருகிறது?

இரவில் படுத்தவுடன் உச்சந்தலையில் மின்சாரம் பாய்வது போல் இருக்கிறது. உள்ளங்கால் எரிகிறது. காதினுள் ஓயாத ரீங்காரம். வயிற்றுக்குள் ஏதோ திருகுகிறது. இரத்தம் சோதித்தாயிற்று, ஊடுகதிர்ப் படமும் எடுத்தாயிற்று. “ஒன்றும் இல்லை” என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றும் இல்லையென்றால் இந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது? விடை கிடைக்காத இக்கேள்வியோடு பல இரவுகள் விழித்திருக்கும் சிலர், யாரோ தம்மைக் குறிவைத்து அலைகளை அனுப்புகிறார்கள் என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். அண்டை வீட்டாரின் கைபேசி, புதிதாக எழுந்த கோபுரம், உடம்புக்குள் யாரோ வைத்துவிட்ட சிறு கருவி, வானத்துச் செயற்கைக்கோள் என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. துன்பம் மாறுவதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த எரிச்சலும் வலியும் நடிப்பல்ல. கற்பனை என்று தள்ளிவிடத் தக்கவையும் அல்ல. உணர்வு உண்மையானது. அதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட காரணம்தான் நோயின் பகுதி. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த குடும்பங்களில் சிகிச்சை எளிதாகத் தொடங்குகிறது.

கரியாலூர், வெள்ளிமலைப் பகுதியில் அலைபேசிக் கோபுரங்கள் எழுந்தது அண்மைக் காலத்தில்தான். கல்வராயன் மலையின் உட்பகுதிச் சிற்றூர்கள் பலவற்றில் இன்றும் தொடர்பு சீராகக் கிடைப்பதில்லை. ஆயினும் ‘என் உடம்பை வெளியிலிருந்து எவரோ ஆட்டுவிக்கிறார்’ என்னும் முறையீடு தமிழ்நாட்டு மலைக்கும் சமவெளிக்கும் புதிதன்று. ஏவல், செய்வினை, காற்று கருப்பு என்று நம் பாட்டன்மார் சொன்னதும் பெரும்பாலும் இதே எரிச்சலையும் இதே ரீங்காரத்தையும்தான். காலம் மாறும்போது விளக்கம் தன் உடையை மாற்றிக்கொள்கிறது.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. இலண்டனைச் சேர்ந்த தேயிலை வணிகர் ஜேம்ஸ் டில்லி மாத்யூஸ் 1797இல் பெத்லம் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். நகரின் நிலவறை ஒன்றில் ஒரு கும்பல் ‘காற்றுத் தறி’ என்னும் பொறியை இயக்கி, காந்தக் கதிர்களைத் தம் உடலுக்குள் செலுத்துவதாக அவர் உறுதியாக நம்பினார். ஒவ்வொரு வகை வேதனைக்கும் அவரிடம் தனித்தனிப் பெயர் இருந்தது. அந்நாளில் கைபேசியும் இல்லை, வானொலியும் இல்லை. நெசவுத் தறியும் காந்தமும்தான் புதுமைகள். ஆகவே அவர் மனம் அவற்றை எடுத்துக்கொண்டது. மருத்துவமனையின் மருந்தாளுநர் ஜான் ஹாஸ்லம் 1810இல் அவர் கதையை நூலாகவே வெளியிட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1919இல், வியன்னாவைச் சேர்ந்த விக்டர் டௌஸ்க் என்னும் மருத்துவர், தம் நோயாளிகள் கூறிய ‘ஆட்டுவிக்கும் பொறி’ பற்றி எழுதினார். பொறி மட்டும் புதிதாகிவிட்டிருந்தது.

மாத்யூஸைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லத் தக்கது. பெத்லம் மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் எழுப்பத் திட்டமிட்டபோது அவர் தாமே வரைபடங்கள் தீட்டி அளித்தார். அதற்காக அவருக்கு 30 பவுன் வழங்கப்பட்டது. கதிர்களை நம்பிய அதே மனம் கட்டட நுணுக்கத்தையும் அறிந்திருந்தது. இந்நோய் வந்தவரை அறிவற்றவர் என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

சொந்த உடம்பின் உணர்வு வெளியிலிருந்து வருவதாக ஏன் தோன்றுகிறது? உங்கள் விரலால் உங்கள் உள்ளங்கையை நீங்களே வருடிப் பாருங்கள். கூச்சம் பெரிதாக வராது. பிறர் வருடினால் கூசும். ‘இது என் செயல்’ என்று மூளை முன்கூட்டியே அறிந்து, அந்த உணர்வைத் தணித்துவிடுவதே காரணம். பிறர் தம்மை இயக்குவதாக உணர்வோரையும், ஆளில்லாமல் குரல் கேட்போரையும் சாரா-ஜெய்ன் பிளேக்மோர் முதலிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் சோதித்தபோது, அவர்களுக்குத் தம் கை வருடலும் பிறர் கை வருடலும் ஒன்றுபோலவே இருந்தன. ‘இது என்னுடையது’ என்ற முத்திரை விழத் தவறினால், சொந்த உடம்பின் துடிப்பே அயலார் வேலையாகத் தோன்றக்கூடும். முழு விளக்கமும் இதுவே என்று சொல்வதற்கில்லை. ஆனால் தவறு மனிதரின் குணத்தில் இல்லை, மூளையின் வேலையில் இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

அலைபேசிக் கோபுரம் உடலுக்குக் கேடு என்று அஞ்சுவோர் அனைவரும் இந்நோய் உடையவர் அல்லர். பொதுவான அச்சம் வேறு. ‘அந்தக் கோபுரம் என்னை மட்டும் குறிவைக்கிறது’ என்னும் அசையாத உறுதி வேறு. முன்னதற்குச் செய்தி போதும். கோபுரக் கதிர்வீச்சுக்கு உலக அளவில் பரிந்துரைக்கப்பட்ட வரம்பில் பத்தில் ஒரு பங்கையே 2012 செப்டம்பர் முதல் இந்தியா வரம்பாக வைத்துள்ளது. அலையால் தலைவலியும் எரிச்சலும் வருவதாகக் கூறுவோரைக் கொண்டு, அலை எப்போது இருக்கிறது என்று அவர்களுக்கும் சோதிப்பவருக்கும் தெரியாத வகையில் பல நாடுகளில் சோதனைகள் நடந்தன. அலை இருக்கும் வேளையை அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. அலை இல்லாதபோதும் தொல்லை வந்தது. தொல்லை மெய், அலையோடு அதற்குத் தொடர்பு காணப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் தெரிவித்தது.

படித்தவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றாது என்று சிலர் சொல்வதுண்டு. 2016இல் கியூபாவின் ஹவானா நகரில் பணியாற்றிய அமெரிக்கத் தூதரக அலுவலர்கள் விநோத ஒலி, தலைச்சுற்றல், காதடைப்பு என்று முறையிட்டனர். மறைகருவித் தாக்குதலோ என்ற ஐயம் எழுந்தது. அவர்கள் பதிவு செய்த ஒலிகளுள் ஒன்று, அப்பகுதிச் சுவர்க்கோழி ஒன்றின் ஒலியோடு ஒத்துப்போவதை 2019இல் அறிவியலாளர்கள் கண்டனர். பகை நாட்டின் செயலாக இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு என்று அமெரிக்க உளவு அமைப்புகளுள் பெரும்பாலானவை 2023இல் மதிப்பிட்டன. விவாதம் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. ஆயினும் காட்டுச் சில்வண்டின் இரைச்சலோடு வளர்ந்த நமக்கு அந்தச் சுவர்க்கோழிச் செய்தி புன்னகையை வரவழைக்கிறது.

மனநோய் என்று முடிவு கட்டுமுன் உடம்பை ஒருமுறை முறையாகச் சோதிப்பது கட்டாயம். நீரிழிவு நரம்பைத் தாக்கினால் பாதம் எரியும், மதமதக்கும். பி12 வைட்டமின் குறைந்தாலும் அவ்வாறே. காதிரைச்சலுக்குக் காதிலேயே காரணம் இருக்கலாம். சிலவகை வலிப்பு, தைராய்டு கோளாறு ஆகியவையும் விநோத உணர்வுகளைத் தரும். நெடுநாள் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்துவோருக்கு இல்லாதவை கேட்கும், தெரியும். அது அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை. ஆனால் ஒருமுறை ஒழுங்காகப் பார்த்தபின், அதே பரிசோதனைகளைச் சேலம், புதுச்சேரி என்று ஊர் ஊராகச் சென்று திரும்பத் திரும்பச் செய்வதால் பணமும் காலமும் கரைவதன்றி வேறு பயனில்லை.

வீட்டில் உள்ளோர் என்ன பேசுவது? “பைத்தியம்போல் உளறாதே” என்று சண்டையிட்டால் அவர் உங்களையும் எதிரியின் பக்கம் சேர்த்துவிடுவார். “ஆமாம், அவன்தான் அனுப்புகிறான்” என்று ஒத்துப்பாடினால் நம்பிக்கை இறுகும். அண்டை வீட்டாரோடு அடிதடியிலும் முடியலாம். இரண்டுக்கும் இடையே வழி உண்டு. ஒரு தாய் மகனிடம், “உனக்கு எரியுதுப்பா, ராத்திரியெல்லாம் தூங்கலன்னு எனக்குத் தெரியும். கோபுரத்தாலதான்னு எனக்குத் தோணல. எதனாலயா இருந்தாலும் தூக்கம் வரணும் இல்லையா? அதுக்கு டாக்டரைப் பார்த்துட்டு வரலாம், நானும் கூட வர்றேன்” என்று சொல்லலாம். காரணத்தைப் பற்றிய வழக்கை ஒத்திவைத்துவிட்டுத் தூக்கத்தில் உடன்படுவது பல வேளைகளில் பலிக்கிறது.

கோயிலுக்கும் தர்காவுக்கும் செல்வதைத் தடுக்க வேண்டியதில்லை. கட்டி வைப்பதைத்தான் தடுக்க வேண்டும். 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்கிறது. அதே ஏர்வாடியில் இப்போது தொழுகைக்கு வருவோருக்கு மருந்தும் தரப்படுகிறது.

மருந்து தொடங்கினால் தூக்கமும் பதற்றமும் முதலில் சீராகும். அலை பற்றிய நம்பிக்கை தளர வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். உடல் எடை கூடுதல், கை நடுக்கம், அதிகத் தூக்கம் போன்ற பக்கவிளைவுகள் வரலாம். அவற்றை மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தர வழியுண்டு. சொல்லாமல் நிறுத்திவிடுவதே நோய் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம். மனச்சிதைவு நோய் முதன்முறையாகத் தாக்கிய 90 பேரைச் சென்னையில் 1980களின் தொடக்கம் முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், பத்தாண்டு முடிவில் தொடர்பில் இருந்தவர்களுள் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தனர்.

மலையிலிருந்து இறங்கி வருவது ஒரு நாள் கூலியை இழப்பது என்பதை அறிவோம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். அங்கிருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவர். நோயுற்றவர் வர மறுத்தால் குடும்பத்தில் ஒருவர் மட்டும் முதலில் வரலாம். எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி, குடிப்பழக்கம் உண்டா, முன்பு என்ன மருந்து உண்டார் என்பவற்றை ஒரு தாளில் குறித்து வாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை பெறலாம். கைபேசியை அஞ்சுபவரின் காதில் அதைத் திணிக்க வேண்டாம். வீட்டுக்கு வெளியே வந்து, தொடர்பு கிடைக்கும் இடத்தில் நின்று, நீங்களே பேசுங்கள். தம்மையோ பிறரையோ தாக்க முனைந்தாலும், உயிரை விடுவது பற்றிப் பேசினாலும் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.