முகத்திரைத் தடை: சட்டம் சொல்வது என்ன, தேவைப்படுவது என்ன?

பொது இடங்களில் முஸ்லிம் பெண்கள் முகம் மூடுவதைச் சட்டத்தால் தடுக்க வேண்டுமா என்ற கேள்வி, நாட்டில் ஏதாவதொரு பதற்றம் ஏற்படும் போதெல்லாம் மேலெழுந்து வருகிறது. பதற்றம் அடங்கியதும் எல்லோரும் அதை மறந்துவிடுகிறோம். அடுத்த பதற்றத்தில் மீண்டும் அதே கூச்சல், அதே குழப்பம்.

யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் சிறு தொகையினர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளம் முகாம்களில் ஒரு தலைமுறையைக் கழித்துவிட்டு, யுத்தம் முடிந்த பின் ஒரு பகுதியினர் மட்டுமே சோனகத் தெருவுக்கும் அதனைச் சூழவுள்ள இடங்களுக்கும் திரும்பியிருக்கிறார்கள். அவர்களில் நிகாப் அணியும் சகோதரிகள் இன்னும் சிலரே. ஆனால் காணி உறுதிக்காகக் கச்சேரிக்கும், பதிவுக்காகப் பிரதேச செயலகத்துக்கும், மருந்துக்காகப் போதனா வைத்தியசாலைக்கும் அவர்களும் போய்வர வேண்டும். எண்ணிக்கை குறைந்த சமூகத்தில், வித்தியாசமாகத் தெரியும் ஓர் ஆடை எல்லோர் கண்ணிலும் படும். அதனால் இந்தக் கேள்வி எங்களுக்குத் தூரத்துக் கேள்வி அல்ல. அமைதியாக இருக்கும் நேரத்திலேயே இதைப் பேசி ஒரு தெளிவுக்கு வருவது நல்லது.

முகத்திரை இப்போது தடையா?

இல்லை. ஆனால் தடை இன்னும் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களில் 260 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த நாள் நள்ளிரவு முதல் அவசரகாலச் சட்டம் வந்தது. ஏப்ரல் 29 முதல், ஆளை அடையாளம் காண்பதற்குத் தடையாக முழு முகத்தையும் மறைக்கும் எதையும் பொது இடத்தில் அணியக்கூடாதென அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவசரகால ஒழுங்குவிதி ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னரே, நாட்டின் நிலைமையைக் கருத்திற்கொண்டு முகத்திரையைத் தவிர்த்துக்கொள்ளுமாறு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சகோதரிகளைக் கேட்டிருந்தது. பெரும்பாலானோர் அதன்படியே நடந்தார்கள்.

அவசரகாலச் சட்டம் நான்கு மாதங்களில், 2019 ஆகஸ்ட் 22 உடன், நீடிக்கப்படாமல் முடிந்தது. அதன் கீழ் வந்த தடையும் அத்துடன் முடிந்தது. 2020 பெப்ரவரியில் தேசிய பாதுகாப்பு தொடர்பான பாராளுமன்றத் துறைசார் மேற்பார்வைக் குழு புர்காவைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. 2021 மார்ச்சில் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சராக இருந்த சரத் வீரசேகர, தடைக்கான அமைச்சரவைப் பத்திரத்தில் தாம் ஒப்பமிட்டுவிட்டதாக அறிவித்தார். ஏப்ரல் 27 அன்று அமைச்சரவை அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் அது பாராளுமன்றத்தில் நிறைவேறிச் சட்டமாகவில்லை.

ஆகவே இன்று முகத்திரை அணிவது குற்றமல்ல. அதேவேளை, அவசரகாலப் பிரகடனமொன்று வந்தால் ஒரே இரவில், ஒரு வர்த்தமானியின் மூலம், அது மீண்டும் குற்றமாகிவிடலாம். எங்கள் பெண்கள் இந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான் வாழ்கிறார்கள்.

முகத்தில் தொடங்கி எங்கே போனது?

ஹிஜாப் தலையை மூடுவது. அபாயா உடலை மூடும் நீண்ட அங்கி. இரண்டிலும் முகம் தெரியும். நிகாப்தான் கண்களைத் தவிர்த்து முகத்தை மறைப்பது. கண்களுக்கும் வலை வைத்த ஆப்கானிய பாணி புர்கா இங்கே அநேகமாக இல்லை. ஆனால் அரசியல்வாதிகளின் பேச்சிலும் ஊடகத் தலைப்புகளிலும் எல்லாமே ‘புர்கா’தான்.

இந்தச் சொற்குழப்பத்துக்கு நாங்கள் விலை கொடுத்திருக்கிறோம். 2019 ஒழுங்குவிதியின் முதல் வடிவத்தில் ‘முழு முகம்’ என்பதற்குக் கொடுத்த விளக்கத்தில் காதுகளும் சேர்ந்திருந்தன. காதை மூடாமல் ஹிஜாப் அணிய முடியுமா? முகம் தெரிய ஹிஜாப் அணிந்தவர்களும் வைத்தியசாலைகளிலும் அலுவலகங்களிலும் கடைகளிலும் தடுக்கப்பட்டார்கள். அதே மே மாத இறுதியில், அரச அலுவலகங்களில் பெண்கள் சாரி அல்லது ஒசரி அணிய வேண்டுமெனப் பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை விட்டது. மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்ட பின்னரே அது மாற்றப்பட்டது. கப்பல் சுக்கான் படம் போட்ட உடையை அணிந்த ஒரு பெண், அது தர்மச் சக்கரம் எனக் கருதப்பட்டு ஹசலகவில் கைதாகி, வாரக்கணக்கில் விளக்கமறியலில் கிடந்தார்.

இது 2019 உடன் முடியவும் இல்லை. 2024 மே மாத இறுதியில் உயர்தரப் பரீட்சை முடிவுகள் வந்தபோது, திருகோணமலை ஸாஹிரா கல்லூரி மாணவிகள் 70 பேரின் பெறுபேறுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பரீட்சை மண்டபத்தில் காதை மறைத்திருந்தார்கள் என்பதே காரணம். பெறுபேறு பிறகு கிடைத்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் பட்ட மன உளைச்சலுக்கு யாரும் பொறுப்புச் சொல்லவில்லை.

முகத்தைப் பற்றி எழுதப்படும் சட்டம் முகத்தோடு நிற்பதில்லை. நிகாப் அணியாத சகோதரிகளும் இந்த விவாதத்தைக் கவனிக்க வேண்டியது இதனால்தான்.

பாதுகாப்பு என்ற வாதம்

தடை கேட்பவர்களின் அச்சத்தை உதாசீனம் செய்யக்கூடாது. கட்டுவாப்பிட்டியில், கொச்சிக்கடையில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் அயலவர்கள். ஆபத்து வெறும் கற்பனையும் அல்ல. 2015 ஜூலையில் சாட் நாட்டின் தலைநகரில், பெண்ணைப் போல முழுத்திரை அணிந்துவந்த ஓர் ஆண் சந்தையில் குண்டை வெடிக்கச் செய்தான். ஆனால் அந்த நாடு முகத்திரையைத் தடை செய்தது அதற்கு முந்தைய மாதம். தடை இருந்தும் அவன் வந்தான்.

எங்கள் நாட்டில் நடந்தது என்ன? தேவாலயங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் குண்டுப் பைகளோடு போனவர்கள் முகத்தைத் திறந்தபடி நடந்துபோன ஆண்கள். கட்டுவாப்பிட்டி தேவாலயத்துக்குள் நுழைந்தவனின் கமராக் காட்சியை உலகமே பார்த்தது. அவர்களை யாரும் தடுக்காததற்குக் காரணம் அடையாளம் தெரியாமை அல்ல. முன்கூட்டியே வந்த புலனாய்வு எச்சரிக்கைகள் கிடப்பில் போடப்பட்டதே காரணம். 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. முகத்திரைத் தடையில் கையெழுத்திட்டவரும் அவர்தான். கடமையில் தவறிய அரசு, தன் தவறிலிருந்து மக்களின் பார்வையைத் திருப்ப எங்கள் பெண்களின் முகத்தைக் காட்டியது.

முகம் மறைத்தவர்களால் வரும் பயத்தை யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றிவளைப்பு நாட்களில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்த ‘தலையாட்டி’யை இங்கே மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவன் தலையை ஆட்டினால் ஒரு வீட்டின் பிள்ளை போய்விடும். அண்மைய ஆண்டுகளில் வாள்களோடு மோட்டார் சைக்கிளில் வந்தவர்களும் முகத்தைக் கட்டிக்கொண்டே வந்தார்கள். அதற்காக யாரும் துணியைத் தடை செய்யச் சொல்லவில்லை. வாள் தூக்கியவனைப் பிடிக்கச் சொன்னார்கள். முழுமுகத் தலைக்கவசத்தை 2015 இல் பொலிஸார் தடுக்க முயன்றபோது, மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டு அதை நிறுத்தியது. மோட்டார் சைக்கிள்காரருக்குக் கிடைத்த அந்த நிதானம் முஸ்லிம் பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை?

கொவிட் காலம் இன்னொரு பாடம் தந்தது. 2020 ஒக்டோபரில் பொது இடத்தில் முகக்கவசம் கட்டாயமானது. அணியாவிட்டால் 10,000 ரூபா வரை அபராதம் அல்லது சிறை. நாடு முழுவதும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வங்கிக்கும் பஸ்ஸுக்கும் போய்க்கொண்டிருந்த அதே நாட்களில், மூக்கையும் வாயையும் மூடுவது தேசிய ஆபத்து என்று அமைச்சரவைப் பத்திரம் தயாரானது. ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்த அரசும் அதுதான்.

பெண்ணை விடுவிக்கத்தானே தடை?

முகத்திரை பெண்ணின் மீது திணிக்கப்பட்டது, தடை அவளை விடுவிக்கும் என்பது அடுத்த வாதம். வற்புறுத்தலுக்கு உள்ளாகும் பெண்கள் இல்லையென்று சாதிக்க வேண்டாம். கணவனோ, வீட்டாரோ, இயக்கமோ வற்புறுத்துவது தவறு. ஆனால் அவளுக்கே அபராதம் விதித்தால் அவள் எப்படி விடுதலையாவாள்? வீட்டை விட்டு வெளியே வருவது நின்றுபோகும். வைத்தியசாலைக்கும் வகுப்புக்கும் போவது நின்றுபோகும். வற்புறுத்துபவன் தண்டனையின்றி வீட்டில் இருப்பான். விரும்பி அணிபவளுக்கோ, கழற்று என்று சொல்லும் பொலிஸும் அணி என்று சொல்லும் வீட்டாரும் ஒன்றுதான். இருவரும் அவளைக் கேட்கவில்லை.

சட்டமும் மார்க்கமும்

எங்கள் அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை நிபந்தனையின்றித் தருகிறது. மதத்தை வெளிப்படையாகப் பின்பற்றும் உரிமை 14 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அந்த உரிமையை தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகச் சட்டத்தின் மூலம் மட்டுப்படுத்தலாம் என்கிறது 15 ஆம் உறுப்புரை. எனவே எந்தக் கட்டுப்பாடும் கூடாது என்று நாங்கள் வாதிட முடியாது. கட்டுப்பாடு தேவைக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்று கேட்க முடியும்.

உலகில் இதற்கு இரண்டு பதில்கள் உள்ளன. பிரான்ஸ் 2010 இல் கொண்டுவந்த முழுத் தடையை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2014 இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் பாதுகாப்புக் காரணத்தை அல்ல, ‘சேர்ந்து வாழ்தல்’ என்ற காரணத்தையே ஏற்றது. பாதுகாப்புக்குத்தான் என்றால், தேவைப்படும்போது முகத்தைக் காட்டச் சொன்னால் போதும் என்றது. ஐ.நா. மனித உரிமைகள் குழு 2018 இல் இன்னும் தெளிவாக, அந்தச் சட்டம் இரு பெண்களின் மத உரிமையை மீறியது என்று முடிவு செய்தது. இலங்கை ஐரோப்பிய நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்ட நாடல்ல. ஐ.நா. குழு எந்த உடன்படிக்கையின் கீழ் முடிவு சொன்னதோ, அந்த குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் 1980 இலிருந்தே இணைந்திருக்கிறது.

மார்க்கத்தில் முகம் மூடுவது கடமையா, விரும்பத்தக்கதா என்பதில் இமாம்களிடையே நெடுங்காலக் கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்துவைப்பது பாராளுமன்றத்தின் வேலையல்ல. ஆனால் ஒரு விடயத்தில் பெரிய சர்ச்சை இல்லை. சாட்சி சொல்லல், கொடுக்கல் வாங்கல், மருத்துவம் போன்ற தேவைகளுக்கு முகத்தைக் காட்டலாம் என்று எங்கள் ஷாபிஈ மத்ஹபின் நூல்களே சொல்கின்றன. இஹ்ராமில் பெண்கள் நிகாப் அணிவதில்லை என்பதும் ஹஜ் செய்த ஒவ்வொரு சகோதரிக்கும் தெரியும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

அரசு கேட்கக்கூடியதும் நாங்கள் கொடுக்கக்கூடியதும் ஒன்றுதான்: அடையாளம் காண வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் முகத்தைக் காட்டுதல். வாக்களிப்பு நிலையம், வங்கி, நீதிமன்றம், பரீட்சை மண்டபம், விமான நிலையம், நியாயமான காரணத்தோடு நிறுத்தும் பொலிஸ் சோதனை ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். இதற்கு விதி எழுதலாம். அந்த விதி எல்லா முகமூடிகளுக்கும், தலைக்கவசத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ‘முகம்’ என்றால் நெற்றியிலிருந்து நாடி வரை என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். காதுக்குப் போகக்கூடாது. இயன்றவரை பெண் அலுவலர் ஒருவர், மறைவான இடத்தில் பார்க்க வேண்டும். பார்த்து முடிந்தால் அவள் தன் வழியே போகலாம். தெருவில் நடப்பதும் பஸ்ஸில் இருப்பதும் இதற்குள் வரக்கூடாது.

எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. அடையாளம் கேட்கும்போது முகத்தைக் காட்டுவது பாவமல்ல என்பதைப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் உலமாக்களும் குத்பாவில் சொல்ல வேண்டும். அணியாத சகோதரியை ஈமானில் குறைந்தவளாகப் பார்க்கும் பேச்சை நிறுத்த வேண்டும். அடுத்த வரைவு வரும்போது, கருத்துச் சொல்லப் போகும் தூதுக்குழுவில் ஆண்கள் மட்டும் இருக்கக்கூடாது. நிகாப் அணியும் பெண்ணும், அதை அணிந்து பின்னர் கைவிட்ட பெண்ணும், ஹிஜாபோடு கச்சேரியில் வேலை செய்யும் பெண்ணும் அங்கே பேச வேண்டும்.

இவ்வளவையும் இப்போது செய்யாவிட்டால், அடுத்த பதற்றத்தின் இரவில் வேறு யாரோ ஒருவர் அவசரமாக எழுதிய வர்த்தமானியோடு காலையில் விழிப்போம். அன்றைக்கு விவாதிக்க நேரம் இருக்காது.