அப்பாவின் சி 90: வெடித்த பிரேமை ஒட்டுவது

1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய சனத்துக்குள் அப்பாவின் ஹொண்டா சி 90உம் இருந்தது. பின் கரியரில் அரிசி மூட்டை, அதன்மேல் தையல் மெஷின். ஓடியதைவிட உருட்டியதே அதிகம். கொடிகாமம் போய்ச் சேர்ந்தபோது சீற்றுக்குக் கீழே பிரேமில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. "மெஷினை விட்டிட்டு வருவம் எண்டு அவர் சொன்னவர், நான்தான் கேக்கேல்லை" என்று அம்மா இப்போதும் சொல்வா.

அங்கேயே யாரோ தடித்த இரும்புத் தகடொன்றை வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். போன மாதம் அந்தத் தகட்டின் ஓரத்திலேயே புது வெடிப்பைக் கண்டேன்.

சி 90இன் பிரேமில் சீற்றுக்குக் கீழுள்ள பகுதி குழாய் அல்ல. அச்சில் அழுத்திய இரண்டு மெல்லிய தகடுகளைப் பொருத்தி ஒட்டிய வெறுங்கூடு. பின் ஷொக் அப்சோபரின் மேல்முனை பிடிக்கும் இடத்தில் பாரம் விழும். அதில் தடித்த தகட்டை ஒட்டினால் தகடு வளையாது, மெல்லிய பகுதி மட்டும் வளையும். வளைவெல்லாம் தகட்டின் ஓரத்தில் சேர்ந்து அங்கே வெடிக்கும். இடையில் தங்கும் மழைத்தண்ணீர் கறளை உள்ளிருந்தே வளர்க்கும். "நல்லாத் தடிப்பா ஒட்டுங்கோ" என்று நாம் கேட்பதுதான் பிழை.

கராஜ் அண்ணை முதலில் வேறு பிரேம் போடச் சொன்னார். போடலாம். ஆனால் சேசிஸ் இலக்கம் பிரேமில்தான் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ளதும் அதுவே. அப்பா இல்லை, புத்தகத்தில் இன்னும் அவர் பெயர்தான். பிரேமை மாற்றினால் அந்தப் புத்தகத்துக்குரிய சைக்கிள் இல்லாமல் போய்விடும். இடம்பெயர்வுகளில் காணி உறுதியிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரை தொலைத்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே ஒட்டினோம். சீற்றுக்குக் கீழிருக்கும் பெற்றோல் டாங்கியையும் பற்றரியையும் முதலில் கழற்ற வேண்டும். பழைய தகட்டை வெட்டி, பெயின்றும் கறளும் போக உரஞ்சினால்தான் வெடிப்பு எங்கே முடிகிறதென்று தெரியும். அந்த முனைகளில் சிறு துளை போட்டால் அது மேலும் ஓடாது. கறள் தின்ற பகுதியை வெட்டி, அதே தடிப்புத் தகட்டை மூலைகளை வளைவாக்கிப் பொருத்த வேண்டும். சாதாரண ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டை ஓட்டையாக்கிவிடும். மிக் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஒட்டினால் பிரேம் கோணாது. கடைசியில் முன் சில்லிலிருந்து பின் சில்லுவரை நூல் பிடித்துப் பார்த்தோம்.

கிரைண்டரைத் தொடுமுன் ஒரு வேலை செய்தேன். சேசிஸ் இலக்கத்தின் மேல் கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தேன். அது இப்போது பதிவுப் புத்தகத்துக்குள் இருக்கிறது.